மடிக்கணினி மடிக்கு ஆகாது



இந்த முறை பாம்புக்கடியைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். காரணம் என் அக்காள்தான். ஜொகூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். தீபாவளிக்கு வந்த மகனின் தொடையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "தம்பி, பையன் தொடையில கருப்பா வலை விரிச்ச மாதிரி விழுந்திருக்கு. தேமலா, படையான்னு தெரியல. மஞ்சள் அரைச்சுப் பூசிப் பாத்துட்டேன், போகல. அரிப்பும் இல்லையாம், வலியும் இல்லையாம். எனக்குத்தான் பயமா இருக்கு" என்றார்.

பையன் வேலை செய்வது ஜூரோங்கில். நம் தோட்டங்களில் ஜூரோங் என்ற பெயரைக் கேட்காத வீடு இருக்காது. 1961-ஆம் ஆண்டு டாக்டர் கோ கெங் சுவீ அந்தச் சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கத் தொடங்கியபோது "கோவின் கோமாளித்தனம்" என்று கேலி பேசினார்கள். அது பொய்த்துப் போனது. 1998-இல் துவாஸ் வழியாக இரண்டாவது பாலம் திறந்த பிறகு, ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு ஜூரோங் இன்னும் பக்கமாகிவிட்டது. பால்மரமும் செம்பனையும் தர முடியாத சம்பளத்தைத் தேடி நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். என் அக்காள் மகனும் அப்படித்தான் போனான். தகடு வெட்டும் பட்டறையில் காலை 8 மணிக்கு இறங்கி இரவு 8 மணிக்கு ஏறுகிற வேலை. ஜூரோங் வெஸ்ட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருக்கிறான். அறையில் மேசை கிடையாது, மெத்தை மட்டும்தான்.

நான் போய்ப் பார்த்தபோது அந்த மெத்தையில் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, தொடையில் ஒரு மெல்லிய பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தான். நான் கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பில் இருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி அடிப்பக்கம் கொதித்தது. "சுடலையாடா?" என்றேன். "பழகிப்போச்சு மாமா" என்றான்.

மருந்துக் கடைக்குப் போகத் தேவை இருக்கவில்லை. நோய் அங்கேயே தெரிந்துவிட்டது.

இது புதிய நோயும் அல்ல. அடுப்பு ஓரத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்த கிழவிகளின் முழங்காலிலும், இடுப்பு வலிக்கு நாள்தோறும் வெந்நீர்ப் பை வைத்தவர்களின் முதுகிலும் இந்தக் கருவலையைப் பழைய வைத்தியர்கள் பார்த்திருக்கிறார்கள். வைத்திய நூல்களில் இதற்கு லத்தீன் மொழியில் வைத்த பெயருக்கு "நெருப்பால் வந்த சிவப்பு" என்று பொருள். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும். நம் தோலில் பழுப்பாக, கருப்பாகத் தெரியும். அதனால்தான் தேமல் என்றும் படை என்றும் ஏமாந்து போகிறோம். கொப்புளம் வருகிற அளவுக்குச் சூடு வேண்டியதில்லை. 43 முதல் 47 டிகிரி வரையுள்ள சூடு ஒரே இடத்தில் நாள்தோறும், மாதக்கணக்கில் பட்டால் போதும். தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்களின் வழியே நிறம் படிந்து வலை போல ஆகிவிடுகிறது.

2010-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பாசல் நகர மருத்துவர்கள் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். அவனும் மடியில் கணினியை வைத்துத் தினமும் சில மணி நேரம், பல மாதங்கள் விளையாடியவன். இடது தொடையில் மட்டும் அதே வலை. இடப்பக்கம் அதிகம் சுடுகிறது என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் இடத்தை மாற்றவில்லை. பாசல் சிறுவனும் சரி, நம் ஜூரோங் பையனும் சரி, விளையாட்டில் மனம் போய்விட்டால் தொடை சுடுவதை மூளை காதில் வாங்குவதில்லை.

சூட்டை நிறுத்திவிட்டால் இந்தக் கறை பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வெளுக்கும். வருடக்கணக்கில் விட்டால் நிலைத்துவிடும். காஷ்மீரத்தில் குளிருக்காகக் காங்கிரி என்ற தீச்சட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பல்லாண்டுகள் அப்படிச் சூடுபட்ட தோலில் சிலருக்குப் புற்றுநோயே வந்திருக்கிறது. மடிக்கணினியால் எல்லாருக்கும் அப்படி வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் கறை விழுந்த இடத்தில் ஆறாத புண்ணோ, தடிப்போ, கட்டியோ வந்தால் மஞ்சளோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கடைகளில் விற்கும் வெளுக்கும் களிம்புகளைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

கல்யாணம் ஆக வேண்டிய இளைஞர்களுக்கு இன்னொரு சேதி. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்களின் விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான். அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 29 ஆண்களை ஒரு மணி நேரம் மடியில் கணினியோடு உட்கார வைத்துப் பார்த்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த இடத்தின் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியிருந்தது. கணினி இல்லாமல் தொடைகளைச் சேர்த்து உட்கார்ந்ததற்கே 2 டிகிரி ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே குற்றத்தின் பெரும்பகுதி உட்காரும் விதத்தின் மேல். இதனால் பிள்ளை இல்லாமல் போகும் என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. ஆனாலும் தினமும் மூன்று மணி நேரம் எதற்காக அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்?

சரி, ஒரு சிறிய கணினி ஏன் இப்படிக் கொதிக்கிறது? தாய்மார்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் காய்கறி வாங்கப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம். அதிலேயே பத்துச் செம்பனைக் குலையை ஏற்றி மேட்டில் ஓட்டிப் பாருங்கள். போகும், ஆனால் என்ஜின் கொதித்து, மூச்சு வாங்கி, பாதி மேட்டில் நொண்டும். மெல்லிய மலிவு மடிக்கணினியும் அப்படியே. கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் செய்தது அது. அதன் செயலிகள் பெரும்பாலும் 15 வாட் மின்சாரத்தில் ஓடும்படி செய்யப்பட்டவை. ஒரு சிறு மின்விளக்குத் தின்னும் மின்சாரம்தான் அது. விளையாட்டுக்கென்றே செய்த பெரிய கணினியோ பல நூறு வாட் தின்னும், அதற்கேற்ற பெரிய விசிறிகளும் இருக்கும். நம் பையனின் கணினியில் ஒரேயொரு சின்ன விசிறி. அதுவும் காற்றை இழுப்பது அடிப்பக்கத் துளைகளால். அந்தத் துளைகளை மெத்தையும் தொடையும் அடைத்துவிட்டால் பாவம், அது எதை இழுக்கும்?

செயலிக்குள் சூடு 100 டிகிரியை நெருங்கும்போது, தான் எரிந்து போகாமலிருக்க அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போதுதான் படம் திக்கித் திக்கி நகரும். பையன் "லைன் சரியில்லை" என்று இணையக் கம்பெனியைத் திட்டுவான். குற்றம் அங்கே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கினால் அது சூடு. தொடக்கத்திலிருந்தே திக்கினால் கணினிக்குச் சக்தி போதவில்லை, அல்லது மற்ற வேலைகள் பின்னால் ஓடுகின்றன. படம் வழவழப்பாக ஓடி, ஆள் மட்டும் முன்னும் பின்னும் குதித்தால்தான் லைன் கோளாறு.

அதே ஜூரோங் வெஸ்ட்டில் கூகுள் நிறுவனத்தின் பெரிய தரவு மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட மையங்களில் அடுக்கடுக்காகக் கணினிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றைக் குளிர வைப்பதற்கே பெரிய பெரிய இயந்திரங்கள் உண்டு. 2020-இல் சிங்கப்பூர் செலவழித்த மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு தரவு மையங்களுக்கே போயிற்று. பணம் உள்ளவன் கணினியைக் குளிர வைக்க அவ்வளவு பாடுபடுகிறான். நம் பையன் அதே ஊரில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

நான் அவனுக்குச் செய்து கொடுத்த வைத்தியம் இதுதான். பக்கத்துக் கடையில் ஒரு மடக்கு மேசை வாங்கினேன். நான்கு போத்தல் மூடிகளைக் கணினியின் நான்கு மூலைக்கும் கீழே, காற்றுத் துளையை அடைக்காமல் வைத்தேன். அடியில் ஒரு விரல் உயரம் காற்றுப் போக வழி கிடைத்தது. விசிறியில் பஞ்சு மாதிரி தூசி அடைந்திருந்ததைக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னேன். பிறகு விளையாட்டின் செட்டிங்கில் கை வைத்தோம். இதில் அவன்தான் வாத்தியார், நான் மாணவன். திரை அளவு 1920-க்கு 1080 என்று இருந்தது. 1280-க்கு 720 என்று குறைத்தால் கணினி வரைய வேண்டிய புள்ளிகள் இருபது லட்சத்திலிருந்து ஒன்பது லட்சத்துச் சொச்சமாகிவிடும். வேலை பாதிக்கும் கீழே. நிழல், தண்ணீரின் மினுமினுப்பு போன்ற அலங்காரங்களை நிறுத்தினோம். ஒரு வினாடிக்கு இத்தனை படம் போதும் என்று வரம்பு வைத்தோம். வரம்பு இல்லாவிட்டால் கணினி தன்னால் முடிந்த மட்டும் வரைந்து தள்ளிக்கொண்டே இருக்கும், சூடும் ஏறிக்கொண்டே இருக்கும். படத்தின் அழகு கொஞ்சம் குறைந்தது. ஆனால் திக்கல் நின்றது. புதுக் கணினிக்கு 1,500 வெள்ளி சேர்த்துக்கொண்டிருந்த பையன், "இது போதும் மாமா" என்றான்.

கணினியின் பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடக்கணக்கில் சூடு தின்ற லித்தியம் பேட்டரி உப்பிவிடும். அடிமூடி பிதுங்கினால், விரலால் தடவும் பலகை மேலே எழும்பினால், மூடியபின் கணினி சமமாக உட்காராவிட்டால், அன்றோடு அதை நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று நினைக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள்; குத்தினால் தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், பழுது பார்க்கும் கடையில் கேட்டு ஒப்படையுங்கள். எட்டுப் பேர் தூங்கும் அறையில் தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுகிறவன் எட்டுப் பேரின் உயிரையும் சேர்த்து வைக்கிறான்.

தோல் கறை வெளியே தெரிந்தது. தெரியாத ஒன்று இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

பையன் விளையாடுவது டோட்டா 2 என்ற ஆட்டம். 2013 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 அக்டோபரில் அதன் உலகப் போட்டியின் இறுதியாட்டம் சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கிலேயே நடந்தது. ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். ஓர் ஆட்டம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இழுக்கும். நடுவில் எழுந்து போக முடியாது. போனால் மற்ற நால்வரும் தோற்பார்கள். அடிக்கடி போகிறவனுக்குத் தண்டனையும் உண்டு. எட்டு மணிக்கு வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு உட்கார்ந்தால், "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று ஒன்றரை மணி ஆகிவிடும். காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். நான்கு மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும்.

"அதனால என்ன மாமா, ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்குவேன்" என்றான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் மதியம், தகடு வெட்டும் இயந்திரத்தின் முன் ஒரு நொடி கண் சொக்கியிருக்கிறது. கையுறையின் சுண்டுவிரல் நுனி அரை அங்குலம் போய்விட்டது. உள்ளே விரல் குட்டை, கையுறை நீளம், பிழைத்தான். அதை அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அக்காள் தெரிந்துகொள்ளப் போகிறார். அவன் என்னை மன்னிக்க வேண்டும்.

1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவனுடையதைப் போலத் தடுமாறுகின்றன. மலேசியாவில் 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்த அளவைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம். ஐந்தரைக்கு எழுந்தவனுக்கு இரவு பத்தரைக்கே அந்த 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. போதாத தூக்கம் நாளுக்கு நாள் கடனாகவும் ஏறுகிறது. குடித்துவிட்டு இயந்திரத்துக்கு முன் நிற்காத ஒழுக்கமான பிள்ளை, தூங்காமல் போய் நிற்கிறான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு அறைக்குத் திரும்புகிறவனுக்குத் தன்னுடையது என்று சொல்ல மிஞ்சுவது அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, விதிவிலக்குகள் நீங்கலாக, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேலும், மாதத்தில் 72 மணிக்கு மேல் மிகைநேரமும் வேலை வாங்கக்கூடாது. பிள்ளைகள் தங்கள் மணிக் கணக்கைச் சின்ன நோட்டில் எழுதி வைக்கட்டும். வேலை உறிஞ்சியது போக மிஞ்சிய நேரத்துக்காகப் பிள்ளையை மட்டும் திட்டுவது முறையல்ல.

இன்னொன்றும் கேட்டேன். "யாருடன்டா ஆடுற?" அவனோடு ஆடும் நால்வரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். ஒருவன் கூலிமில் தொழிற்சாலையில், ஒருவன் கோலாலம்பூரில் லாரி ஓட்டுகிறான், இருவர் ஜொகூர் பாருவில். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவர்கள் பந்து உதைத்த திடலும் போய்விட்டது. இப்போது இரவு பத்து மணிக்கு அந்தக் கணினிக்குள்தான் ஐவரும் கூடிப் பேசிச் சிரிக்கிறார்கள். நான் போகும்போது "விட்டுத் தொலைடா" என்று சொல்லத்தான் நினைத்துப் போனேன். இதைக் கேட்ட பிறகு அந்த வார்த்தை வரவில்லை.

அதனால் வேறு ஏற்பாடு பேசினோம். இந்த மாதிரி ஆட்டத்தில் "எத்தனை மணிக்கு நிறுத்துவாய்?" என்று கேட்பதில் பயன் இல்லை. நிறுத்துவது அவன் கையில் இல்லை. "எத்தனை மணிக்கு மேல் புது ஆட்டம் தொடங்கமாட்டாய்?" என்றுதான் கேட்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் புது ஆட்டம் இல்லை என்று முடிவாயிற்று. எவ்வளவு இழுத்தாலும் பத்தரைக்கு முடிந்துவிடும். ஐவரும் ஒப்புக்கொண்டதால் யாரும் யாரையும் இழுப்பதில்லை. சனி இரவு மட்டும் விலக்கு. வீட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரும் இதையே செய்து பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் வயரைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும்.

ஓர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து அறைக்கு வெளியே நடந்துவிட்டு வர வேண்டும். 2003-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் 32 வயது ஆள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். கணினி முன் தினம் 12 மணி, சில நாள் 18 மணி அசையாமல் உட்கார்ந்தவர். காலில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜூரோங் பிள்ளைகளுக்கு இங் தெங் ஃபோங் மருத்துவமனை பக்கத்திலேயே, ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கிறது.

சில பிள்ளைகள் விஷயம் வேறு. வேலைக்கு மட்டம் போடுகிறான், சாப்பாட்டை மறக்கிறான், கெடுகிறோம் என்று தெரிந்தும் விட முடியவில்லை, ஒரு வருடமாக இதே நிலை என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய்ப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. சிங்கப்பூரில் மனநலக் கழகத்தின் தேசிய அடிமைப் பழக்க நிர்வாகச் சேவை இதற்குச் சிகிச்சை தருகிறது. அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள்.

சென்ற மாதம் பையன் வந்திருந்தான். வலை பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறது. போத்தல் மூடியில் ஒன்று தொலைந்து, அதற்குப் பதில் ஒரு மரத்துண்டை வைத்திருக்கிறானாம். அக்காள் மட்டும் இன்னும் மஞ்சளை விடவில்லை. மஞ்சளால்தான் வெளுத்தது என்கிறார்.